கடற்பயணக் கப்பல்களின் நினைவுப் பதக்கங்கள்: கலைநயமும் சேகரிப்போர் கடமையும்

சிற்பக் கலையைப் பற்றிப் பேசுவோர் கற்சிற்பத்தையும் செப்புத் திருமேனியையும் விரிவாக ஆராய்வர்; உள்ளங்கையில் அடங்கும் பதக்கத்தைப் பெரும்பாலும் நாணயவியலாரிடமே விட்டுவிடுவர். நாணயவியலாரோ, பதக்கம் செலாவணிக்குரியதன்று என்ற காரணத்தால், அதனைத் தமது துறையின் ஓரத்திலேயே வைப்பர். இவ்வாறு இரு துறைகளுக்கும் இடையில் நின்ற பதக்கம் மூன்றாவதொரு சாராரின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அவர்களே சேகரிப்போர். எவை பேணப்படவேண்டும், எவை உயர்ந்தன, எவை தாழ்ந்தன என்ற மதிப்பீடுகளைப் பெரும்பாலும் அவர்களே வகுத்தனர். அம்மதிப்பீடுகள் எத்துணைப் பொருத்தமானவை என்பதைப் பெருங்கடற் பயணக் கப்பல்களுக்காக வெளியிடப்பட்ட நினைவுப் பதக்கங்கள் நான்கினை அடிப்படையாகக் கொண்டு நோக்குவது பயனுடையதாகும்.

கலைப் பதக்கம் என்பது பெரும்பாலும் மார்பில் அணிவதற்கன்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதற்காக ஆக்கப்படுவது. அதற்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகத்தைப் பார்க்கும்போது மறுமுகம் மறைந்திருக்கும். முன்புறம் ஒன்றைக் கூற, பின்புறம் அதனை விளக்கும், அல்லது வேறொன்றாக்கும். ஐரோப்பாவில் இக்கலையின் தோற்றத்தை இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ 1438ஆம் ஆண்டளவில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்காக வார்த்த பதக்கத்திலிருந்து தொடங்குவது மரபு. அன்று தொட்டு நெடுங்காலம் பதக்கத்தின் முன்புறத்தில் மன்னரின் முகமே இடம்பெற்று வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைக் கப்பலும் பெற்றுக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

இம்மாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று தொழில்நுட்பம் சார்ந்தது. முற்காலத்தில் எஃகு அச்சிலே நேரடியாகச் சிற்றளவில் உருவத்தைச் செதுக்கவல்ல கைவினைஞனே பதக்கத்தை ஆக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சில் ஜான்வியே செம்மைப்படுத்திய குறுக்கற் பொறியானது சிற்பி பெரிதாக வடித்த மாதிரியை வேண்டிய அளவுக்குச் சுருக்கி எஃகிற் கடைந்து தந்தது. ஆகவே அச்சுச் செதுக்கும் பயிற்சியில்லாத சிற்பிகளும் பதக்கத்துறையிற் புகுந்தனர். புடைப்புச் சிற்பத்தின் வீச்சு முழுவதும் சில அங்குலப் பரப்பினுள் வந்தமைந்தது.

மற்றைய காரணம் பொருளாதாரஞ் சார்ந்தது, அதுவே அடிப்படையானது. முதலாம் உலகப் போருக்கு முன்னர் அத்திலாந்திக் சமுத்திரக் கப்பற் கம்பனிகளின் வருவாயிற் பெரும்பகுதி ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏழை மக்களிடமிருந்தே கிடைத்தது. 1921ஆம், 1924ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டங்கள் அவ்வருவாயை அடைத்துவிட்டன. கம்பனிகள் உல்லாசப் பயணிகளையும் செல்வரையும் நாடவேண்டியதாயிற்று. அவர்களைக் கவருவதற்குக் கப்பல் வெறும் போக்குவரத்துச் சாதனமாக இருந்தாற் போதாது. அது ஒரு நாட்டின் நாகரிகத்துக்கே சின்னமாக விளங்கவேண்டும். சுவரொட்டி, உணவுச் சாலையின் கண்ணாடித் தூண், சலூனின் சித்திரம் ஆகியவற்றோடு பதக்கமும் இத்தேவையின் பொருட்டே பெருகிற்று. 1920களும் 1930களும் இக்கலையின் செழிப்பான காலமாக அமைந்தமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அச்செழிப்பின் உச்சியில் நிற்பது 1935இல் நோர்மண்டிக் கப்பலுக்காகப் பிரெஞ்சுச் சிற்பி ழான் வேர்னோன் ஆக்கிய பதக்கமாகும். பிரெஞ்சு அத்திலாந்திக் கம்பனிக்காக வெளியிடப்பட்ட இதன் குறுக்களவு 68 மில்லிமீற்றர். கப்பலோ ஏறத்தாழ 313 மீற்றர் நீளமுடையது. இத்துணை நீண்ட பொருளை வட்டத்தினுள் எவ்வாறு அடக்குவது என்பதே கப்பற் பதக்கம் செய்வோர் யாவரும் எதிர்நோக்கும் சிக்கல். பக்கவாட்டில் வைத்தால் கப்பல் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். மேலும் கீழும் வெறுமை எஞ்சும். எழுத்துகளாலும் அலைகளாலும் அவ்வெறுமையை நிரப்பியோர் பலர். வேர்னோன் கப்பலின் அணியத்தை முன்னிறுத்தினார். பார்ப்போனை நோக்கி எழுந்து வரும் அணியம் வட்டத்தை மேலும் கீழுமாக நிறைக்கின்றது. நீளம் பின்னே மறைந்து ஊகத்துக்கு விடப்படுகின்றது. அதே ஆண்டிற் கசாந்திர் என்ற ஓவியர் இக்கப்பலுக்காகத் தீட்டிய புகழ்பெற்ற சுவரொட்டியும் அணியத்தையே நேர்முகமாகக் காட்டுகின்றது. ஓவியத்தில் நிறம் செய்யும் பணியைப் பதக்கத்திற் புடைப்பின் நிழல் செய்கின்றது. உருவ அமைதி என்ற அளவில் இதனை விஞ்சிய கப்பற் பதக்கத்தைக் காண்டல் அரிது.

ஆயின் இவ்வழகு எதனைக் கூறுகின்றது? அணியத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒருவனின் பார்வை இது. பார்ப்போன் சிறியவனாகின்றான், கப்பல் தானே இயங்கும் ஒரு பெருஞ்சக்தியாகின்றது. அதனை இயக்குவோர் எவரும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. நோர்மண்டி 1,972 பயணிகளை ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்டது. அவர்களுள் முதலாம் வகுப்பினர் 848 பேர். மூன்றாம் வகுப்பினருக்கு 454 இடங்களே இருந்தன. ஊழியர் தொகையோ 1,345. மூன்று பயணிகளுக்கு இரு ஊழியர் என்ற விகிதத்துக்கு இது அண்மித்ததாகும். பிரெஞ்சு அரசின் பெருமளவு நிதியுதவியோடு, அதாவது வரி செலுத்திய மக்களின் பணத்தோடு, மக்களுட் பெரும்பாலோர் கால்வைக்க முடியாத ஒரு மாளிகை கடலில் விடப்பட்டது. பதக்கம் அந்த முரண்பாட்டை மறைக்கின்றது. பொய் எதனையும் கூறாமலே, கோணத்தைத் தெரிவு செய்த முறையினாலேயே மறைக்கின்றது.

இப்பதக்கத்துக்குப் பின்வந்த வரலாறு வேறொரு பொருளையும் ஏற்றிவிட்டது. 1942 பெப்ரவரி 9ஆம் நாள், நியூயோர்க் துறைமுகத்திற் படையினரை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது, நோர்மண்டி தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரின் பாரத்தாற் சரிந்து வீழ்ந்தது. போர் முடிந்தபின் பழைய இரும்பாக விற்கப்பட்டது. பல்லாயிரம் தொன் எடையுள்ள கப்பல் அழிந்தொழிய, கையளவு வெண்கலம் நிலைத்துள்ளது. சேகரிப்போரிடம் இப்பதக்கத்துக்குள்ள மதிப்பு அதன் கலைச்சிறப்பால் மட்டும் வந்ததன்று. இந்த இழப்புணர்வும் அதிற் கலந்துள்ளது.

நோர்மண்டிக்குப் போட்டியாகப் பிரித்தானியா கடலில் விட்ட குயீன் மேரிக் கப்பலின் பதக்கம் 1936இல் வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் கில்பேட் பேய்ஸ் என்ற சிற்பி. உருவ அமைதியில் இது வேர்னோனின் படைப்புக்கு நிகரானதன்று. ஆயினும் அதிற் பொறிக்கப்பட்டுள்ள இலத்தீன் வாசகம் ஆராயத்தக்கது. ‘மேரி அரசி என்னைக் கடலிடம் ஒப்படைத்தாள்’ என்பதும் 1934 என்ற ஆண்டும் அதன் பொருள். அரசியின் பெயரும் கடல் என்ற சொல்லும் இலத்தீனில் ஒலியொத்து நிற்பதால் வாசகம் நயமுடையதாகின்றது. இங்கு பேசுவது கப்பல். செயலைச் செய்தவள் அரசி.

இவ்வாக்கியத்தின் எழுவாயில் யார் இல்லை என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. கிளைட் நதிக்கரையில், 534 என்னும் இலக்கத்தால் மட்டுமே அறியப்பட்டிருந்த இக்கப்பலின் வேலை 1931 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தினாற் கியூனாட் கம்பனியிடம் பணமில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அரைகுறை எலும்புக்கூடாக அக்கப்பல் நகரின் மேல் உயர்ந்து நின்றது. கியூனாட் கம்பனி வைற் ஸ்ரார் கம்பனியோடு இணையவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், மேலுமொரு கப்பலுக்கான பணத்தையும் சேர்த்து, 95 இலட்சம் பவுண் வரை கடன் வழங்க அரசு முன்வந்தது. 1934 ஏப்பிரலில் தொழிலாளர் மீண்டும் வேலைத்தலத்துக்குட் சென்றனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 26ஆம் நாள் அரசி கப்பலை நீரில் இறக்கி வைத்தாள். பதக்கத்திற் பொறித்த ஆண்டு ஒன்றே. தொழிலாளர் திரும்பிய ஆண்டும் அதுவே. எனினும் வாசகத்தில் இடம்பெற்றது ஒரு நாட் சடங்கு மட்டுமே. ஆண்டுக்கணக்கான உழைப்பு இடம்பெறவில்லை.

இவ்விரு பதக்கங்களும் மௌனத்தால் மறைப்பவை. மூன்றாவதாக நோக்கவேண்டியது உரத்த குரலிற் பேசும் பதக்கமாகும். 1915 மே 7ஆம் நாள் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று அயர்லாந்துக் கரைக்கப்பால் லூசித்தானியாக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அதே ஆண்டில் மியூனிச் நகரப் பதக்கக் கலைஞரான கார்ல் கெற்ஸ் தாமாகவே ஓர் அங்கதப் பதக்கத்தை ஆக்கினார். முன்புறத்தில் பீரங்கிகளும் விமானங்களும் நிறைந்த கப்பல் மூழ்குகின்றது. மேலே ‘கடத்தற் பொருள் எதுவுமில்லை’ என்ற ஏளன வாசகம். பின்புறத்திற் கியூனாட் கம்பனியின் பயணச்சீட்டுச் சாளரத்தில் எலும்புக்கூடு ஒன்று அமர்ந்து சீட்டு விற்கின்றது. ‘எல்லாவற்றுக்கும் மேலானது வியாபாரம்’ என்பது அங்குள்ள வாசகம்.

இலாபத்துக்காக மக்களின் உயிரைப் பணயம் வைத்த கம்பனி என்பதே கெற்ஸின் குற்றச்சாட்டு. சாவைச் சீட்டு விற்போனாகக் காட்டிய கற்பனை வலிமை மிக்கதென்பதை மறுத்தற்கில்லை. கப்பலின் சரக்கில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தமையும் உண்மையே. ஆனால் அதன் தளத்திற் பீரங்கிகள் பொருத்தப்பட்டிருக்கவில்லை, விமானங்களும் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குண்டெறிந்தவனின் பொறுப்பை இப்பதக்கம் முற்றாக நீக்கிவிடுகின்றது. அங்கதம் ஒரு பக்கத்தை மட்டும் சுடும்போது பிரசாரமாகிவிடுகின்றது.

இதன்பின் நிகழ்ந்ததே சேகரிப்போர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி. கெற்ஸின் முதற் பதிப்பில் நாள் மே 5 எனப் பிழையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. பத்திரிகைச் செய்தி ஒன்றை நம்பியதால் நேர்ந்த தவறு என்று அவர் பின்னர் விளக்கினார். திருத்திய பதிப்பும் வந்தது. ஆனால் பிழையான பதக்கம் ஒன்று பிரித்தானியர் கையிற் சிக்கியது. தாக்குதல் முன்கூட்டியே திட்டமிடப்பட்டதற்கும், ஜேர்மனியர் அக்கொலையைக் கொண்டாடியதற்கும் அதனையே சான்றாக்கிப் பிரித்தானியர் பெருந்தொகையிற் பிரதி செய்தனர். அட்டைப் பெட்டியில் இட்டு, விளக்கத் துண்டுப்பிரசுரமும் சேர்த்து, ஒரு சிலிங்குக்கு விற்றனர். கிடைத்த பணம் போரிற் காயமுற்றோருக்கும் கண்ணிழந்தோருக்குமான அறப்பணிகளுக்குச் சென்றது. கெற்ஸ் ஆக்கியவை ஐந்நூறுக்கும் குறைவு எனவும் பிரித்தானியப் பிரதிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் எனவும் பொதுவாகக் கொள்வர். 1917இற் பவேரிய அதிகாரிகள் மூலப் பதக்கத்தைத் தடைசெய்தபோது காலம் கடந்துவிட்டது. தன் எதிரியைத் தாக்கச் செய்த படைக்கலம் எதிரியின் கையிற் சேர்ந்து, பல நூறு மடங்காகப் பெருகித் திரும்பி வந்தது.

சேகரிப்போர் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவர்? மாதத்தின் பெயர் ஜேர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்தால் மூலம்; ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தாற் பிரதி. இது பயனுள்ள அறிவே. ஆயின் இதன் அடிப்படையில் மூலம் உயர்ந்தது, பிரதி மலிந்தது என்று விலையிடப்படுகின்றது. சந்தையில் இம்மதிப்பீடு இயல்பானது. வரலாற்றில் அது தலைகீழானது. இலட்சக்கணக்கான வீடுகளுட் புகுந்து மக்களின் வெறுப்பை வளர்த்தது அந்த மலிந்த பிரதியே. அதிலும் வெற்றுப் பதக்கத்தைவிடப் பெட்டியும் துண்டுப்பிரசுரமும் சேர்ந்த முழுமையே ஆவணமாகும். உலோகத்திலுள்ள உருவம் கெற்ஸினுடையது. அதற்கு வேறு பொருள் கொடுத்தது பெட்டியிலுள்ள தாள். தாளைத் தொலைத்துவிட்டுப் பதக்கத்தை மட்டும் பேணுபவர் கூத்தின் வேடத்தை வைத்துக்கொண்டு கதையை மறந்தவராவர்.

நான்காவது பதக்கம் கலைச்சிறப்பாற் பெயர்பெற்றதன்று. நாடாவிற் கோத்து அணியும் வகையைச் சேர்ந்த அதனைக் கலைப் பதக்கம் என்ற வரையறைக்குட் சிலர் அடக்கவும் மாட்டார். 1912 ஏப்பிரல் 15ஆம் நாள் அதிகாலையில் டைட்டானிக் கப்பலின் உயிர்தப்பியோர் எழுநூற்றுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றிய கார்பேதியாக் கப்பலின் ஊழியருக்கு, உயிர்தப்பியோரின் குழு அதே ஆண்டில் நியூயோர்க்கில் வழங்கிய பதக்கம் அது. பனிப்பாறைகளுக்கிடையே கார்பேதியா வருவதும் உயிர்காப்புப் படகுகள் அதனை நாடுவதும் முன்புறத்தில் உள்ளன, பின்புறத்தில் நன்றியுரை. உருவத்திற் புதுமை ஏதுமில்லை. கப்பல் பக்கவாட்டிலேயே செல்கின்றது.

ஆனால் இங்கு கம்பனி தன்னைப் புகழவில்லை; அரசியின் பெயரும் இல்லை. காப்பாற்றப்பட்டோர் காப்பாற்றியோருக்கு வழங்குகின்றனர். தலைவரான றொஸ்ரன் மட்டுமன்றிக் கொதிகலத்துக்குக் கரி அள்ளிப்போட்ட தொழிலாளியும் அதனைப் பெற்றான். இதன் நியாயம் எளிதில் விளங்கும். அபாய அழைப்புக் கிடைத்ததும் கார்பேதியா தனது வழமையான வேகத்தை மீறி விரைந்தது. அவ்வேகம் தளத்தில் நின்று ஆணையிட்டோரால் மட்டும் வந்ததன்று. கீழே வெக்கையில் நின்று கரி வாரிய கைகளால் வந்தது. நிலக்கரிக் காலத்துப் பெருங்கப்பல்களில் இத்தொழிலாளர் தொகை மிகப் பெரிது. போருக்குப்பின் ஒலிம்பிக் கப்பல் எண்ணெய் எரிப்பதற்கு மாற்றப்பட்டபோது அப்பகுதி ஊழியர் 350இலிருந்து 60 ஆகக் குறைந்தனர் என்பதிலிருந்து அதனை உய்த்துணரலாம். கப்பற் பதக்கங்களிற் புகைபோக்கியிலிருந்து எழும் புகை அழகிய அலங்காரமாக வரும். அப்புகைக்குக் காரணமானவன் வருவதில்லை. கார்பேதியாப் பதக்கத்தின் உருவத்திலும் அவன் இல்லை. ஆனால் பதக்கம் அவன் கையிற் சேர்ந்தது.

இதனை முழுமையான சமத்துவம் எனப் போற்றவும் முடியாது. தலைவருக்குப் பொன், ஏனைய அதிகாரிகளுக்கு வெள்ளி, சாதாரண ஊழியருக்கு வெண்கலம் எனக் கப்பலின் அதிகாரப் படிநிலை உலோகத்திலும் தொடர்ந்தது. நன்றி ஒன்றாக இருப்பினும் அதன் எடை பதவிக்கேற்ப நிறுக்கப்பட்டது. இன்றைய ஏலச் சந்தையும் அதே வரிசையையே பின்பற்றி வெண்கலத்தைக் கடைசியில் வைக்கின்றது. 1918 யூலையிற் கார்பேதியாவும் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று உயிரிழந்தோர் ஐவர். ஐவரும் இயந்திரப் பகுதியிற் பணிபுரிந்தோர்.

பண்டைத் தமிழர் நடுகல் நட்டபோது வீழ்ந்தவனின் பெயரையே கல்லிற் பொறித்தனர்; கல்லெடுத்தவனை அன்று. நினைவுச் சின்னம் யாருடைய நினைவுக்குரியது என்ற கேள்வியை இம்மரபு எழுப்புகின்றது. நோர்மண்டி, குயீன் மேரிப் பதக்கங்களை இக்கேள்வியோடு நோக்கின், அவை பெரிதும் பணங் கொடுத்தோரின் நினைவாகவே அமைந்துள்ளமை தெளிவாகும்.

இவ்வாறு கூறுவதால் வேர்னோனின் படைப்பைச் செல்வரின் கலை என ஒதுக்கிவிடலாம் என்பதன்று. அது எளிய வழி. ஆயினும் தவறான வழி. உருவத்தின் வெற்றியை உணராதவனுக்கு அவ்வுருவம் எதனை மறைக்கின்றது என்பதும் புலப்படாது. அணியத்தின் கோணம் நம்மை வியக்க வைப்பதனாலேயே அவ்வியப்பு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்க வேண்டியுள்ளது. மறுதலையாக, கார்பேதியாப் பதக்கத்தின் உள்ளடக்கம் உயர்ந்ததென்பதற்காக அதன் உருவத்தையும் உயர்ந்ததெனப் பாராட்டுவது விமர்சனமாகாது. கலைப்பெறுமதியும் சமூகப்பெறுமதியும் எப்போதும் ஒரே பொருளில் ஒன்றுசேர்வதில்லை. அவை பிரிந்து நிற்கும் இடங்களை மறையாது காட்டுவதே விமர்சனத்தின் கடமை.

சேகரிப்போரின் கடமையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. அவர்கள் செய்துள்ள தொண்டு சிறிதன்று. பாரிஸ் நாணயசாலை பழைய அச்சுகளைக் கொண்டு பின்னாளிலும் பதக்கம் அடிப்பது வழக்கம். விளிம்பிற் பொறிக்கப்பட்டுள்ள உலோகப் பெயரையும் 1880 முதல் வழங்கிய செல்வக் கொம்புச் சின்னத்தையும் ஆராய்ந்து, ஒரு பதக்கம் எக்காலத்தது எனத் துணியும் முறையை வளர்த்தவர்கள் சேகரிப்போரே. விளிம்பை இத்துணை நுணுக்கமாகப் படிப்பவர்கள் பதக்கம் வெளிவந்த சூழலையும் அதே நுணுக்கத்தோடு படித்தல் வேண்டும். ஆக்கியோன் யார் என்பதோடு ஆக்குவித்தோன் யார், பெற்றோன் யார், விடப்பட்டோன் யார் என்பனவும் குறிப்பேட்டில் இடம்பெறல் வேண்டும்.

கப்பல் வாரியாகவும் உலோக வாரியாகவும் கலைஞர் வாரியாகவும் பதக்கங்கள் பேழைகளில் அடுக்கப்படுகின்றன. அவ்வடுக்கில் நோர்மண்டியும் கார்பேதியாவும் அருகருகே வருவதில்லை; கெற்ஸின் மூலமும் அதன் மலிந்த பிரதியும் ஒரே தட்டில் அமர்வதும் அரிது. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அணியத்தின் அழகும், அதற்குக் கீழே கரி வாரியவனின் இன்மையும் ஒருங்கே தெரியவரும். பதக்கத்தை ஆக்கியோர் விட்ட இடைவெளியை நிரப்புவதற்கு அவர்களுக்கு வாய்ப்பில்லாமற் போயிருக்கலாம். சேகரிப்போருக்கு அவ்வாய்ப்பு உண்டு. அதனைப் பயன்படுத்தாதவிடத்து, விடுபட்டோரை மீண்டும் ஒருமுறை விட்டுவிடும் பொறுப்பு அவர்களையே சாரும்.